அட்டெண்டன்ஸும் குறையாமல், அரியரும் விழாமல்: கல்லூரியில் சேவைக்கு நேரம் ஒதுக்கும் வழி

இரண்டாம் ஆண்டு, மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த நாள். சட்டையில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பேட்ஜ், பையில் நான்கு ஓ.டி. ஃபார்ம் (கல்லூரி வேலையாக வெளியே போனாலும் வருகை தரும் 'ஆன் டூட்டி'), மார்க் பட்டியலில் இரண்டு அரியர். ஊர் ஊராகப் பேரணி, மரம் நடுவிழா, ரத்த தான முகாம் என்று ஓடியவனுக்கு டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனில் 75க்கு 22. துறைத் தலைவர் திட்டவில்லை. "ஊருக்கு உழைச்சதெல்லாம் சரிப்பா, இந்தப் பேப்பரை யார் எழுதுவா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த செமஸ்டரில் சேவையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை, குறைத்தேன். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு வேலையை ஒரே ஒரு நேரத்தில் செய்தேன். அரியர் இரண்டும் போனது. இதில் எனக்கே ஆச்சரியம், முன்பைவிட உருப்படியான சேவை நடந்தது. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிச் சூழலை மனதில் வைத்து எழுதுகிறேன். பொறியியல் மாணவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று எண்ணுங்கள்

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், அதாவது 68 நாள். மிச்சம் 22 நாள் இருக்கிறதே என்று தோன்றும். அதை ஒரு தாளில் எழுதிச் செலவு செய்து பாருங்கள். காய்ச்சல், சளி என்று 4 நாள். அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா 4 நாள். பேருந்தைத் தவறவிட்டு முதல் ஹவர் போனதெல்லாம் சேர்த்தால் 2 நாள். வருமானச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப் என்று அலைந்தது 2 நாள். ஆக, உண்மையில் உங்கள் கையில் இருப்பது 10 நாள்தான். 65க்கும் 75க்கும் நடுவே போனால் மருத்துவச் சான்றிதழும் கட்டணமும் கொடுத்து எழுதலாம் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. ஆனால் அதை நம்பித் திட்டம் போடுவது, ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்று வண்டியை வேகமாக ஓட்டுவதைப் போல.

அடுத்து சேவையின் கணக்கு. என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதாவது வருடத்துக்கு 120. வருடத்துக்கு 180 வேலை நாள் என்றால் 36 வாரம். வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு மூன்றரை மணி நேரம்கூட வராது. அவ்வளவுதான் கேட்கிறார்கள்! இதை முதல் வருடமே யாராவது எனக்கு வகுத்துக் காட்டியிருந்தால் அந்த அரியர் விழுந்திருக்காது.

என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அதன் சின்னம் கோனார்க் தேர்ச்சக்கரம். அதிலுள்ள எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும், நம் கணக்கில் எட்டு ஜாமம். தொண்டர் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தயாராக இருப்பது வேறு, எட்டு ஜாமமும் ஓடிக்கொண்டே இருப்பது வேறு. நான் இரண்டாவதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: யாராவது ஒருவர் காத்திருக்கும் வேலையைத் தேர்ந்தெடுங்கள்

சேவை என்ற பெயரில் கல்லூரியில் நடப்பவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். நீங்கள் போகாவிட்டால் யாருக்கும் தெரியாதவை ஒன்று. நீங்கள் போகாவிட்டால் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவை இன்னொன்று. பேரணி முதல் வகை. பேனரைப் பிடிக்க 200 பேர் இருக்கும்போது 201ஆவது ஆளாக நீங்கள் எதற்கு? மரம் நடும் போட்டோவும் அப்படித்தான். நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுகிறவன்தான் அங்கே தொண்டர், அவனை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இரண்டாவது வகையிலிருந்து ஒன்றை எடுங்கள். ஒன்றே ஒன்று. நான் எடுத்தது சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை, கல்லூரியிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்த ஓர் ஊரில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது. முதல் மாதம் பத்துப் பேர் வந்தார்கள். ஒரு சனிக்கிழமை கிரிக்கெட் மேட்சுக்காக நான் போகவில்லை. மறுவாரம் நான்கு பேர்தான் வந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண், "போன வாரம் நாங்க கோயில் திண்ணையில ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தோம்ணா" என்றாள். பழையபடி பத்துப் பேர் ஆக எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

கோடிங் தெரிந்தவர்கள், நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், பேச்சுத் திறமை உள்ளவர்கள் தங்கள் திறமைக்கு ஏற்ற வேலையைத் தேட வேண்டும் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதலில் நேரத்தைப் பாருங்கள், திறமை அப்புறம். மகளிர் விடுதி கேட் மாலை 6 மணிக்கு மூடுகிறது என்றால் மாலை நேர டியூஷன் உங்களுக்குச் சரிவராது. வளாகத்துக்குள்ளேயே செய்யக்கூடியதையோ, சனிக்கிழமை காலை வேலையையோ எடுங்கள். கடைசி டவுன் பஸ்ஸை நம்பி இருப்பவர்களுக்கும் இதேதான்.

ஷிப்ட் முறையில் காலையில் படித்துவிட்டு மதியம் ஜவுளிக்கடைக்கோ டெலிவரிக்கோ போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போகிற நண்பன் ஒருவன் இருந்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வேலையும் இருக்காது. அந்த இரண்டு மாதமும் மற்றவர்களைவிட அதிகமாகச் செய்துவிட்டு, ஆவணியிலும் தையிலும் ஒதுங்கிக்கொள்வான். முன்கூட்டியே சொல்லிவைத்ததால் யாரும் அவனைக் குறை சொன்னதில்லை.

தேர்வு எழுதிக் கொடுப்பது: கொஞ்சம் விரிவாக

வளாகத்துக்குள் செய்யக்கூடிய சேவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பார்வையற்ற மாணவர்களுக்கு ஸ்க்ரைபாக இருப்பது. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் விடைத்தாளில் எழுத வேண்டும். ஒரு நாள் வேலைதான், ஆனால் நீங்கள் வராவிட்டால் ஒருவருக்குத் தேர்வே இல்லை. அதனால் ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் செமஸ்டரும் உங்கள் செமஸ்டரும் ஒரே மாதத்தில்தான் வரும்.

மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கினால் 6 மணிக்குத்தான் எழுந்திருப்பீர்கள். மறுநாள் காலை உங்களுக்குப் பேப்பர் இருந்தால் வேண்டாம், வேறு ஆளைப் பிடித்துக் கொடுங்கள். தேர்வெழுதுபவர் தாமே ஸ்க்ரைபை அழைத்து வந்தால், ஸ்க்ரைபின் படிப்பு தேர்வெழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைந்திருக்க வேண்டும் என்று 2018 வழிகாட்டுதலில் இருந்தது, பிறகு அது மாறியது. ஆகவே இப்போதைய விதியை முன்கூட்டியே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் புகைப்படமும் எடுத்துப் போங்கள்.

உட்கார்ந்தபின் செய்ய வேண்டியது இது. முதலில் வினாத்தாள் முழுவதையும் ஒரு தடவை மெதுவாக, மார்க்கோடு சேர்த்து வாசியுங்கள். எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அவர் சொல்லும் வேகத்துக்கு எழுத முடியாவிட்டால் "அண்ணா, ஒரு வரி நில்லுங்க" என்று சொல்லிவிடுங்கள், விட்டுவிட்டு எழுதாதீர்கள். அரைமணிக்கு ஒரு தடவை நேரத்தைச் சொல்லுங்கள், அவரால் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முடியாது. அவர் சொல்வது தப்பு என்று உங்களுக்குத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள். இதுதான் கஷ்டம். வரலாற்றுத் தேர்வு ஒன்றில் ஆண்டு ஒன்றைத் தவறாகச் சொன்னார், எனக்குச் சரியான ஆண்டு தெரியும். பேனா ஒரு நொடி நின்றது. "என்னப்பா நிறுத்திட்ட? சொன்னதை எழுது" என்றார். எழுதினேன். வெளியே வந்ததும், "தப்புன்னு தெரியும்ல?" என்று சிரித்தார். "தெரியும்ணா." "எனக்கும் எழுதினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. பரவாயில்ல, அது என் மார்க்."

மூன்றாம் படி: ஓ.டி.யைக் கடனாக நினையுங்கள்

ஓ.டி. வாங்கினால் வருகைப் பதிவேட்டில் நீங்கள் இருப்பீர்கள், பாடத்தில் இருக்க மாட்டீர்கள். நான் ஏமாந்தது இங்கேதான். அட்டெண்டன்ஸ் 82 சதவீதம் காட்டியது, நோட்டில் இரண்டு யூனிட் காலி.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஓ.டி. போன ஒவ்வொரு நாளுக்கும், அடுத்த மூன்று நாளுக்குள் அந்த நாளின் நோட்ஸ் என் கையெழுத்தில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் கணக்கில் சேராது. ஜெராக்ஸ் எடுத்த தாள் மடித்த மடிப்பிலேயே செமஸ்டர் வரை இருக்கும் என்பது கல்லூரிக்குப் போன எல்லோருக்கும் தெரியும்.

ஓ.டி. கேட்கும் முறையும் முக்கியம். போய்வந்த பிறகு ஃபார்மை நீட்டுகிறவர்களை எந்த ஆசிரியருக்கும் பிடிக்காது. இரண்டு நாள் முன்னாடி போய், "சார், வியாழக்கிழமை முகாம் இருக்கு. அன்னிக்கு உங்க ஹவர்ல டெஸ்ட்னு தெரியும். புதன் சாயங்காலமோ வெள்ளி காலையோ எழுதிடறேன் சார்" என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்பார் சிலர். அப்படிச் சொன்னால் முகாமைத்தான் விட வேண்டும். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75 என்று இருக்கும் கல்லூரியில் ஒரு டெஸ்டை விடுவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எக்ஸ்டர்னலில் தடுமாறும்போது தூக்கிவிடுவது அந்த 25தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னலே 40. அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

நான்காம் படி: படிப்புக்கு நகராத ஒரு மணி நேரம்

இதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரு மணி நேரம். எனக்கு அது காலை 8 முதல் 9 வரை, வகுப்பறை திறந்தவுடன், யாரும் வருவதற்கு முன். இரவில் விடுதியில் படிப்பேன் என்று திட்டம் போடாதீர்கள். விடுதி இரவு யாருக்கும் சொந்தமில்லை. அந்த நேரத்தில் போனை அணைத்து பெஞ்சுக்கு அடியில் வையுங்கள். என்.எஸ்.எஸ். குரூப்பில் வரும் எதுவும் 9 மணி வரை காத்திருக்கலாம், "அவசரமாக ஓ பாசிட்டிவ் தேவை" என்ற செய்தி உட்பட. அப்படி வருவதில் பாதி பழைய ஃபார்வர்ட். அதிலுள்ள எண்ணுக்குப் போன் செய்து, எந்த ஆஸ்பத்திரி, இன்னும் தேவையா என்று கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ரத்தம் கொடுப்பது பற்றி இரண்டு வரி. வயது 18 ஆகியிருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஒரு தடவை கொடுத்தால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். நாளை செமஸ்டர் என்றால் இன்று கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுந்து முகாமையே கலவரப்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

ஐந்தாம் படி: வகுப்பைக் கைவிடாதீர்கள்

வெளியே சேவை செய்கிறவர்கள் உள்ளே இருக்கும் மனிதர்களை மறந்துவிடுவது வழக்கம். ஊர்ப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருவேன், பக்கத்து பெஞ்சில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தவனைக் கவனிக்கவில்லை. அவன் முதல் தலைமுறைப் பட்டதாரி, யாரிடமும் கேட்கத் தயங்குவான். அரியர் விழுந்த பிறகு எனக்கு நோட்ஸ் கொடுத்தவன் அவன்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது.

அப்போது நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் இல்லாத ஹவருக்கு அவன் நோட்ஸ் எடுப்பான், கார்பன் தாள் வைத்தே எழுதினான். பதிலுக்கு வாரம் ஒரு நாள், மதிய உணவு முடிந்து அரை மணி நேரம், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு தேற்றத்தைத் தமிழில் பேசிப் பார்ப்போம். "லிமிட்டுன்னா என்னடா? பக்கத்துல போய்க்கிட்டே இருக்கும், தொடாமலும் இருக்கலாம்" என்று நான் அவனுக்குச் சொன்ன நாளில்தான் எனக்கே அது விளங்கியது. மாதக் கடைசியில் அந்த மரத்தடியில் ஏழு பேர் இருந்தோம். துறை மன்றத்தில் பதவி, கல்சுரல்ஸ் கமிட்டி, மெஸ் கமிட்டி எல்லாம் வளாக வாழ்க்கைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருடத்தில் ஒரு பொறுப்புக்கு மேல் எடுக்காதீர்கள். எதையும் எடுக்காவிட்டாலும் அந்த மரத்தடி இருக்கட்டும்.

ஆறாம் படி: மறுக்கப் பழகுங்கள்

ஒரு தடவை நன்றாக வேலை செய்தால் எல்லாப் பட்டியலிலும் உங்கள் பெயர் ஏறிவிடும். சீனியர் கேட்டால் மறுப்பது கஷ்டம். "பார்க்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் போனை எடுக்காமல் இருப்பதுதான் நம் வழக்கம், அதைவிட மோசமான பதில் கிடையாது. "அக்கா, இந்த மாசம் என்னால முடியாது, சனிக்கிழமை டியூஷன் இருக்கு. செகண்ட் இயர் பையன் ஒருத்தன் ஆர்வமா இருக்கான், அவன்கிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?" இப்படிச் சொல்லிப் பாருங்கள். மறுப்பும் ஆனது, புதிதாக ஒருவனுக்கு வாய்ப்பும் ஆனது. ஒரு என்.எஸ்.எஸ். யூனிட்டில் 100 பேர் இருப்பார்கள், வேலை செய்வது எப்போதும் அதே 12 பேர். கேட்டால் வருகிறவர்கள் மீதி 88 பேரில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் படி: முகாம் வாரம்

என்.எஸ்.எஸ்.ஸின் ஏழு நாள் சிறப்பு முகாம் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. தத்தெடுத்த கிராமத்தில் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கி, காலையில் சீமைக் கருவேலம் வெட்டி, மதியம் வீடு வீடாகக் கணக்கெடுத்து, இரவில் யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போட்டு வாழும் வாரம் அது. யூனிட்டில் பாதிப் பேருக்குத்தான் இடம் கிடைக்கும், கிடைத்தால் கட்டாயம் போங்கள். புத்தகம் எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப்போன எவனும் பிரித்ததாக வரலாறு இல்லை. பதிலாக முகாமுக்கு முந்தைய இரண்டு வாரம் அந்த வாரப் பாடத்தை முன்கூட்டியே முடியுங்கள், ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், திரும்பி வந்த மறுநாளை முழுக்கத் தூக்கத்துக்கு விடுங்கள்.

வெள்ளம் வந்தால்

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் சென்னையும் பிறகு தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் மூழ்கியபோது எந்த அட்டவணையும் தாக்குப்பிடிக்கவில்லை, தாக்குப்பிடிக்கவும் வேண்டாம். ஆனால் முதல் மூன்று நாள் சோற்றுப் பொட்டலம் கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். பத்தாம் நாள் வீட்டுக்குள் சேறு காய்ந்து, ரேஷன் கார்டும் மார்க் ஷீட்டும் ஊறிப்போன பிறகு யாரும் இருக்க மாட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் அங்கேதான் தேவை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் நடக்கும், வாசலில் மனு எழுதிக் கொடுக்கக் காசு வாங்குகிறவர்கள் இருப்பார்கள். ஒரு கட்டு வெள்ளைத் தாளும் இரண்டு பேனாவும் ஒரு அட்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சும்மா எழுதிக் கொடுங்கள். பெயர், முகவரி, என்ன தொலைந்தது, என்ன வேண்டும், தேதி, கையெழுத்து. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதியதை அவருக்கே ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு காலையில் 15 மனு எழுதலாம், மதியம் வகுப்புக்கும் போகலாம்.

கடைசிப் படி: கைமாற்றுதல்

மூன்றாம் வருடம் ஆறாவது செமஸ்டரில் உங்களுக்கு நேரம் இருக்காது. புராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூ, மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எல்லாம் ஒன்றாக வரும். ஆகவே ஐந்தாவது செமஸ்டரின் தொடக்கத்திலேயே ஒரு ஜூனியரைக் கூட்டிப் போகத் தொடங்குங்கள். முதல் மாதம் அவன் பார்க்கட்டும், இரண்டாம் மாதம் சேர்ந்து செய்யுங்கள், மூன்றாம் மாதம் நீங்கள் பின்னால் உட்காருங்கள். நான் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். எந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு வராது, யாருக்குக் கண் சரியாகத் தெரியாமல் முன்னால் உட்கார வேண்டும், எந்த பஸ் சனிக்கிழமை வராது என்றெல்லாம் அதில் இருந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: மழை வந்தால் திண்ணை நனையும், பள்ளிக்கூடச் சாவி சத்துணவு அக்கா வீட்டில் இருக்கும், நாய் கடிக்காது, குரைக்க மட்டும் செய்யும்.